சீட்டுக் காசை எதில் போடுவது: ஸ்கேனா, கோடாங்கியா, கொழும்புக் கடையா?

பாடசாலை விட்டு ஆசிரியர்கள் ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்க இறங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ஒரு தாயும் அவருடைய அண்ணனும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அந்தத் தாய் மலையிலிருந்து நேராக வந்திருந்தார். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை கறுத்துப் படிந்திருந்தது. மடியிலிருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே சீட்டெடுத்த காசு, நான்காக மடித்தபடி இருந்தது.

“டீச்சர், மகனுடைய தலையை ஸ்கேன் எடுக்க இந்தக் காசு போதுமா?”

மகனுக்கு ஒன்பது வயது. அதற்கு முந்தைய நாள், பக்கத்துக் காம்பராக்காரர் வளர்த்த கோழியின் காலை முறித்துவிட்டு, அது இழுத்து இழுத்து நகர்வதை இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். தாய் வந்து அழுதபோது அவருடைய முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, “அம்மா, இன்றைக்கு ரொட்டி சுடவில்லையா?” என்று கேட்டிருக்கிறான். கோழியை விட அந்தக் கேள்விதான் அவரை உடைத்திருந்தது. அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் வரவில்லை.

அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். “சைக்கோவுக்கு மூளையே வேறு மாதிரி இருக்குமாம் டீச்சர், போனில் பார்த்தேன். படம் எடுத்தால் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் பையனை என்னோடு அனுப்பிவிடச் சொல்லுங்கள். முதலாளி நேர்ப்படுத்திவிடுவார்” என்றார். வீட்டிலிருந்த அம்மாயிக்கு வேறு முடிவு: குறிசொல்லும் கோடாங்கியைக் கூப்பிட வேண்டும். லயத்தார் எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு: நாலு வைத்தால் சரியாகும்.

பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பில் இருக்கும் நான் அன்று அவர்களிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். பிள்ளை யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே காசோடும் இதே கேள்வியோடும் இன்னொரு தாய் இன்னொரு டிவிஷனில் உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

முதலில் அந்தச் சொல். நம் ஊரில் சித்தம் கலங்கியவரையும் ‘சைக்கோ’ என்கிறார்கள், ஈவிரக்கமில்லாதவரையும் அதே பெயரால் அழைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு. இல்லாத குரல் கேட்கும் நோய் ஒன்று. அதற்கு மருந்து உண்டு. சைக்கோபதி என்பது அறிவு தெளிவாக இருந்தும் பிறர் வலி உள்ளே போய்த் தைக்காத நிலை. கனடாவின் ராபர்ட் ஹேர் அதை அளக்க 20 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கினார். மொத்தம் 40 புள்ளிகள். வட அமெரிக்காவில் 30 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் அந்தப் பெயர். பயிற்சி பெற்றவர் நேரில் பேசி, பழைய பதிவுகளையும் புரட்டிப் போடும் மதிப்பெண் அது. வளர்ந்தவருக்கு மட்டுமே பொருந்தும். பிள்ளைகளைப் பொறுத்தவரை, 2013ஆம் ஆண்டின் அமெரிக்க மனநலக் கையேடு ‘நடத்தைக் கோளாறு’ என்ற பெயருக்கு அருகில் ஒரு துணைக் குறிப்பை மட்டும் சேர்த்தது: குற்ற உணர்வின்மை, இரக்கமின்மை, படிப்பிலும் வேலையிலும் அக்கறையின்மை, ஆழமில்லாத உணர்ச்சி ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு, பன்னிரண்டு மாதங்களாக, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். அப்படித் தெரிகிற பிள்ளைகளிலும் பெரும்பாலானோர் சைக்கோபதி உள்ள மனிதராக வளர்வதில்லை. ஆகவே அண்ணனிடம் நான் முதலில் கேட்டுக்கொண்டது, அந்தச் சொல்லைப் பையன் காதில் போட வேண்டாம் என்பதைத்தான்.

இனி ஸ்கேன். காசு அதற்காகத்தான் வந்திருந்தது.

மாமா போனில் பார்த்தது பொய்யில்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பொட்டுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில், இரண்டு பக்கமும் பாதாம் பருப்பளவில் ஒவ்வொரு முடிச்சு இருக்கிறது. அமிக்டலா என்று பெயர். கிரேக்க மொழியில் பாதாமுக்கே அந்தப் பெயர்தான். தம்பியைத் தள்ளிவிட்ட பிள்ளை அவனுடைய பயந்த முகத்தைப் பார்க்கிறது, வயிற்றில் ஏதோ பிசைகிறது. அடுத்த முறை கை எழும்போதே அந்தப் பிசைவு முன்னால் வந்து நின்றுகொள்கிறது. இந்தப் பாடத்தைப் பதித்து வைப்பதில் அமிக்டலாவுக்குப் பெரிய பங்குண்டு. ஜேம்ஸ் பிளேர் போன்றவர்கள் தொண்ணூறுகளிலிருந்து காட்டிவருவது இதைத்தான்: சைக்கோபதி உள்ளவர்களுக்கும் அத்தகைய சாயல் உள்ள பிள்ளைகளுக்கும், பயந்த முகத்தைக் கண்டால் இந்த முடிச்சு மற்றவர்களுக்குத் துடிப்பது போலத் துடிப்பதில்லை. நெற்றிக்குப் பின்னாலிருந்து அதைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கும் அதற்கும் இடையேயான இணைப்பு பலவீனமாக இருப்பதை அமெரிக்கச் சிறைக் கைதிகளிடம் கண்டிருக்கிறார்கள். கென்ட் கீல் என்ற ஆய்வாளர் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தையே ஒரு வண்டியில் ஏற்றி நியூ மெக்சிகோ சிறைச்சாலைகளுக்குக் கொண்டுபோய்க் கைதிகளின் மூளையைப் படம் பிடித்தார்.

ஆனால் இவையெல்லாம் கூட்டத்தைக் கூட்டத்தோடு ஒப்பிட்ட கணக்கு. மேல் டிவிஷன் பிள்ளைகளின் சராசரி உயரம் கீழ் டிவிஷனை விட ஓர் அங்குலம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து, ஒரு பிள்ளையை நிறுத்தி அளந்துவிட்டு அவன் எந்த டிவிஷன் என்று சொல்ல முடியுமா? மூளைப் படமும் அப்படித்தான். ஒரு தனிப் பிள்ளையின் ஸ்கேனைப் பார்த்து இவன் இப்படி ஆவான் என்று சொல்லக்கூடிய வைத்தியர் உலகில் எங்கும் இல்லை. வலிப்பு வந்திருந்தால், தலையில் பலத்த அடிபட்டிருந்தால், நன்றாக இருந்த பிள்ளையின் குணம் திடீரென மாறியிருந்தால் ஸ்கேன் தேவைப்படலாம். அப்போது வைத்தியரே எழுதித் தருவார், அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசம். இந்தப் பையனுக்கு அவை எதுவுமில்லை. அந்தக் காசைக் கொடுத்து ஸ்கேன் எடுத்தால் ‘எல்லாம் சாதாரணம்’ என்று ஒரு தாள் வரும். அதைப் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் இவன் வேண்டுமென்றே செய்கிறான்” என்று பிரம்பைத் தூக்குவார்கள். எனக்கு அதுதான் பயம்.

பிரம்பு என்றதும் அடுத்த வழிக்கு வருகிறேன். அடி, விடுதி, கொழும்புக் கடை மூன்றையும் நான் ஒன்றாகவே பார்க்கிறேன். மூன்றுக்கும் அடியில் இருப்பது, வலி கொடுத்தால் பிள்ளை திருந்தும் என்ற ஒரே நம்பிக்கை. மற்றப் பிள்ளைகளிடத்திலும் அது நியாயமில்லை. பாடசாலையில் பிரம்பு கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. இந்த வகைப் பிள்ளைகளிடத்தில் அது கொஞ்சமும் எடுபடாது. தண்டனையை நினைத்து முன்கூட்டியே பயப்படும் வேலையைத்தானே அந்த முடிச்சு செய்யவேண்டும்? அது மந்தமாக இருக்கும் பிள்ளைக்கு அடி வலிக்கும், ஆனால் பாடமாகப் பதியாது. ஆஸ்திரேலியாவில் டேவிட் ஹாஸ், மார்க் டாட்ஸ் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தபோது, பாராட்டும் பரிசும் தருகிற பகுதி இரக்கம் குறைந்த பையன்களிடமும் மற்றவர்களிடம் போலவே வேலை செய்தது. தனியே உட்காரவைக்கும் தண்டனைப் பகுதிதான் அவர்களிடம் எடுபடவில்லை. தண்டனைக் கதவு இறுகிக் கிடக்கிறது, பரிசுக் கதவு திறந்திருக்கிறது. நாமோ தலைமுறை தலைமுறையாக இறுகிய கதவில்தான் தலையை மோதிக்கொண்டிருக்கிறோம்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு, மலையகத்தில் அதைக் கேட்காமல் விடவே கூடாது. கல்லாகத் தெரியும் பிள்ளைகள் எல்லோரும் பயமறியாமல் பிறந்தவர்கள் அல்லர். சிலர் அளவுக்கு மீறிப் பயந்து, உணர்ந்தால் தாங்காது என்று உள்ளே பூட்டிக்கொண்டவர்கள். இந்தப் பையனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது தாய் குவைத்துக்குப் போய், ஐந்து வயதாகும்போதுதான் திரும்பினார். தகப்பன் குடித்துவிட்டு வந்த இரவுகளில் அவன் எங்கே படுப்பான் என்று கேட்டேன். தாய் தலையைக் குனிந்துகொண்டார். “கட்டிலுக்குக் கீழே” என்று மாமாதான் பதில் சொன்னார். அப்படியொரு பிள்ளையின் மேல் இன்னும் அடி விழுந்தால் பூட்டு இன்னும் இறுகத்தான் செய்யும். இவன் எந்த வகை என்பதை நானோ மாமாவோ சொல்ல முடியாது. குழந்தை மனநல வைத்தியர்தான் பேசிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கொழும்புக் கடையைப் பற்றி மாமாவிடம் நேராகவே சொன்னேன். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது 2021 முதல் சட்டப்படி குற்றம். அதை விடுங்கள். தன்னை நேசிக்கிற ஒரு முகம்கூட இல்லாத இடத்தில் இந்தப் பிள்ளை என்னத்தைக் கற்றுக்கொள்ளும்? பொலிஸில் ஒப்படைத்தால் பயப்படுவான் என்று தோட்டத்தில் ஒருவர் சொன்னாராம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் குற்றவாளியாக நடத்தக்கூடாது என்று 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியிருக்கிறார்கள்.

“வளர்ந்த பிறகு வைத்தியம் செய்ய முடியாதா டீச்சர்?” என்று தாய் கேட்டார். அதற்கு இரண்டு இடங்களின் கதையைச் சொன்னேன்.

ஒன்று கனடாவின் ஒன்டாரியோவில் ஓக் ரிட்ஜ் என்ற காவல் மனநல விடுதி. அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அங்கே நோயாளிகளையே ஒருவருக்கொருவர் வைத்தியராக்கி, நாளெல்லாம் மனம்விட்டுப் பேசவைத்தார்கள். 1992இல் வெளியான கணக்கு எல்லோரையும் அதிரவைத்தது. சைக்கோபதி இல்லாதவர்கள் அந்த முறையால் ஓரளவு திருந்தியிருந்தார்கள். சைக்கோபதி உள்ளவர்களிலோ, சிகிச்சை பெற்றவர்களில் 77 சதவீதத்தினர் மீண்டும் வன்முறைக் குற்றத்தில் இறங்கியிருந்தார்கள். சிகிச்சை பெறாதவர்களில் 55 சதவீதத்தினர்தான். பிறர் மனத்தை வாசிக்க அங்கே கற்றதை ஏமாற்றப் பயன்படுத்தினார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இதற்குப் பிறகு, இவர்களுக்கு வைத்தியமே இல்லை என்று வைத்தியர்கள் பலர் கையைக் கழுவிவிட்டார்கள்.

மற்றது அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1995இல் தொடங்கிய மென்டோட்டா இளைஞர் சிகிச்சை நிலையம். மற்றச் சிறைகள் சமாளிக்க முடியாமல் தள்ளிவிட்ட பையன்கள்தான் அங்கே வருவார்கள். அங்கே முறையைத் தலைகீழாக மாற்றினார்கள். இன்றைய நடத்தைக்கு நாளையே பலன்: நன்றாக நடந்தால் அடுத்த நாள் சின்னச் சின்னச் சலுகைகள், தவறினால் அந்த ஒரு நாள் மட்டும் அவை இல்லை. பழைய கணக்கைக் கிளறுவதில்லை. பையன் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் ஊழியர் உறவை முறித்துக்கொள்வதுமில்லை. விடுதலைக்குப் பின் நான்கரை ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கமான இடங்களுக்குப் போன ஒப்பீட்டுப் பையன்களின் கையால் 16 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். மென்டோட்டாவில் சிகிச்சை பெற்றவர்கள் யாரும் கொலை செய்திருக்கவில்லை. பலர் வேறு குற்றங்களுக்காகப் பிடிபட்டார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யாராலும் முடியாது என்று விடப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

கோடாங்கியைப் பற்றி அம்மாயியிடம் நான் எதிர்த்துப் பேசப் போவதில்லை. தோட்டத்துச் சாமியான ரோதைமுனிக்குப் படைத்து, பிள்ளையின் கையில் நூல் கட்டினால் அந்த வீட்டுக்கு ஒரு தெம்பு வரும். பையனும் நமக்காக எல்லோரும் கூடியிருக்கிறார்கள் என்று அறிவான். சாட்டையால் அடிப்பது, மிளகாய்ப் புகை பிடிப்பது இரண்டுக்கும் மட்டும் இடம் கொடுக்காதீர்கள். சீட்டுக் காசு முழுவதையும் அதில் கொட்டாதீர்கள்.

மருந்து விஷயம் இன்னும் சுருக்கமானது. இரக்கத்தை உண்டாக்கும் குளிசை எதுவும் இல்லை. கூடவே அதீதத் துடிப்பும் கவனச் சிதறலும் இருந்தால், அல்லது ஆக்ரோஷம் கட்டுக்கு மீறினால், அவற்றுக்கு வைத்தியர் மருந்து தரலாம்.

இனி நான் சொல்லும் வழி. கேட்டவுடன், “இவ்வளவுதானா?” என்று இருக்கும். அந்தத் தாய்க்கும் அப்படித்தான் இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன் ஒன்று. அவர் அடிமனத்தில் வைத்திருந்த பயம் வேறு. கடைசியில்தான் அது வாய்க்கு வந்தது: “அப்பா இரத்தம்தானே டீச்சர், மாறுமா?” மறைக்காமல் சொன்னேன். லண்டனில் எஸ்ஸி வைடிங் 2005இல் ஏழு வயது இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், இந்த இரக்கமின்மையின் வேறுபாடுகளில் ஏறக்குறைய 67 சதவீதம் பரம்பரையிலிருந்து வருவதாகத் தெரிந்தது. ஆனால் பரம்பரை என்றால் தலையெழுத்து என்றாகாது. அமெரிக்காவில் தத்துப் போன குழந்தைகளைப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. பெற்ற தாயிடம் கடுமையான சமூகவிரோதக் குணம் இருந்த குழந்தைகள், தாங்கள் ஒருநாளும் கண்டிராத அந்தத் தாயின் சாயலைக் காட்டினார்கள். ஆனால் வளர்த்த தாய் நல்லதைக் கண்டவுடன் பாராட்டி வளர்த்த வீடுகளில் அந்தச் சாயல் தெரியவில்லை. இதைச் சொன்னபோது அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நெதர்லாந்தில் 2013இல் வெளியான இன்னோர் ஆய்வையும் சொன்னேன். சைக்கோபதி உள்ள 18 குற்றவாளிகளையும் வேறு 26 பேரையும், ஒரு கை இன்னொரு கையை அடிப்பது, தடவுவது போன்ற படங்களைப் பார்க்கவைத்தார்கள். சும்மா பார்த்தபோது குற்றவாளிகளின் மூளை மற்றவர்களை விடக் குறைவாகத்தான் அசைந்தது. “அந்தக் கையின் இடத்தில் உங்களை வைத்து உணர்ந்து பாருங்கள்” என்று சொன்னபோது வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது. விளக்கு இருக்கிறது; தானாக எரிவதில்லை, யாராவது சுவிட்சைப் போட வேண்டும். டாட்ஸ் பிள்ளைகளிடமும் இதையொத்த ஒன்றைக் கண்டார். இந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கும்போது கண்களைப் பார்ப்பது குறைவு. “கண்ணைப் பார்” என்று சொன்னவுடன், பயந்த முகத்தை அடையாளம் காண்பதில் தேறிவிட்டார்கள்.

இதிலிருந்துதான் வீட்டு வேலை பிறக்கிறது. மாலையில் மலையிலிருந்து வந்து கைகால் கழுவியபின் பத்து நிமிடம் அவனோடு இஸ்தோப்பில் உட்காருங்கள். விளையாட்டை அவன் சொல்லட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அறிவுரையும் குற்றச்சாட்டும் வேண்டாம். அவன் கண்ணுக்கு நேராக உங்கள் முகம் இருக்கட்டும். நல்லது எதைச் செய்தாலும் அந்த நிமிடமே, இன்னதென்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: “தங்கச்சிக்கு வழி விட்டாய், எனக்கு சந்தோஷம்.” உடனே ஒரு பயறை எடுத்து பால்மா டின்னில் போடுங்கள். ஐந்து பயறுக்கு அன்றே அவன் கேட்டது ஒன்று, பட்டமோ ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியோ. தவறினால் சத்தமில்லாமல், கோபமில்லாமல், அன்றைக்குப் பரிசு இல்லை என்பதோடு நிறுத்துங்கள். யாராவது அழுதால், “அம்மாயியின் கண்ணைப் பார், என்ன தெரிகிறது?” என்று கேட்டுப் பழக்குங்கள். சரியான பதில் சொன்னால் அதற்கும் ஒரு பயறு. இதற்கிடையில் தங்கச்சியையும் கோழி நாய்களையும் அவனோடு தனியே விடாதீர்கள். அதில் மட்டும் தளர்வே வேண்டாம்.

இளம் வயதில் தொடங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு மொரீசியஸைப் பாருங்கள். நம் முன்னோர்கள் தேயிலைக்கும் கோப்பிக்கும் இங்கே வந்தது போல, கரும்புக்காகத் தமிழர்கள் கப்பலேறிப் போன தீவு அது. 1972இல் அங்கே 1795 மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. பயத்தைக் கற்பதில் அந்த வயதிலேயே மந்தமாக இருந்தவர்களிடையே, இருபது ஆண்டுக்குப் பின் குற்றவாளிகள் அதிகமாக இருந்தார்கள். அதே ஆய்வில் நூறு குழந்தைகளுக்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் நல்ல பாலர் பாடசாலையும், சத்தான சாப்பாடும், ஓடியாடும் நேரமும் கொடுத்தார்கள். அவர்கள் 23 வயதில் தாங்களே ஒப்புக்கொண்ட குற்றங்கள் மற்றவர்களை விட 34 சதவீதம் குறைவு. மூன்று வயதில் சத்துக்குறைவோடு இருந்த குழந்தைகளுக்கே அதிக நன்மை கிடைத்தது. இந்த இடத்தில் எனக்கு மனம் பதறுகிறது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17 சதவீதம்; தோட்டப்புறத்தில் 32 சதவீதம். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் நம் பிள்ளைக்காம்பராக்களில் ஒரு முட்டையும் ஓடுவதற்கு இடமும் சிரித்த முகமுள்ள ஓர் ஆளும் இருப்பதை நான் குற்றத் தடுப்பு என்றே சொல்வேன்.

இந்த வழியிலும் செலவு இருக்கிறது. காசை விட அது நாள் கணக்கில் வரும். குழந்தை மனநல வைத்தியரைப் பார்க்க, பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு ஹட்டனிலிருந்து கண்டி பஸ்ஸில் நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போய் வர ஒரு முழு நாள் வேண்டும். அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். கடிதம் வாங்க ஒரு நாள், கிளினிக்குக்கு ஒரு நாள், அடுத்த மாதம் மறுபடியும். சீட்டுக் காசை அதற்குத்தான் ஒதுக்கச் சொன்னேன்: போகாத பேருக்கும், பஸ்ஸுக்கும், வழியில் சாப்பாட்டுக்கும், வாரத்தில் இரண்டு மீனுக்கும். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய மனநல இலக்கம் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்துத் தாய் வந்தார். டின்னில் ஒரு நாள் நான்கு பயறு விழுந்ததாம். இன்னொரு நாள் கோபத்தில் டின்னையே தூக்கி தண்ணீர் ஓடும் கானுக்குள் எறிந்துவிட்டானாம். அம்மாயி இறங்கிப் போய் எடுத்து, கழுவி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கிளினிக் திகதி அடுத்த மாதம் பதினோராம் திகதி. அன்று பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, வர முடியாது என்று கணக்கப்பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மாமா கொழும்பிலிருந்து லீவு போட்டு வந்து, கூடவே போவதாகச் சொல்லியிருக்கிறார்.